நேர்வரி ஊருக்கு, குறுக்குவரி உனக்கு

பாத், 9 அக்டோபர் 1786

அன்புள்ள ஹொனோரியா,

அப்பாவின் கால் இந்த வாரம் இன்னும் வீங்கிவிட்டது. தினம் மூன்று கோப்பை ஊற்று நீர் என்கிறார் வைத்தியர். "முப்பத்தஞ்சு வருஷம் பிரசங்கம் பண்ணதுக்கு ஆண்டவர் குடுத்த சன்மானம் இந்தத் தண்ணிதானா?" என்று அப்பா தினம் மூன்று தடவை கேட்கிறார். காலை எட்டு மணிக்கெல்லாம் ஊற்று மண்டபத்தில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். முட்டை வேகவைத்த தண்ணீரின் வாடை. பாதி ஊர் குடிக்கிறது, மீதி ஊர் யார் யார் குடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

சீமாட்டி கிரோம்பைப் பற்றிச் சொன்னேனா? யாரைப் பற்றியும் தப்பாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். "பாவம், நல்ல பொண்ணு" என்று ஆரம்பிப்பாள். அவள் வாயில் 'பாவம்' என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பம் அன்றைக்கே மூட்டை கட்டுவது நல்லது. நேற்று என்னைப் பார்த்து, "பாவம், இருபத்தொம்பது வயசாச்சு, அப்பாவ எவ்வளவு நல்லா பாத்துக்குது" என்றாள். நான் இன்னும் மூட்டை கட்டவில்லை.

புது வரவு, திரு. ஆம்புரோஸ் கெட்டரிங். மனைவி லிஸ்பனில் காய்ச்சலில் போய் ஏழு வருடம் ஆகிறது. மனிதர் இன்னும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. ஒரே மகள் லெட்டிஷியா, பதினெட்டு வயது, கிறிஸ்துமஸுக்கு நிலக்கிழார் மாலோவின் மகனுக்கு வாழ்க்கைப்படப் போகிறாள். தகப்பனாருக்குத் திக்குவாய். முந்தாநாள் என் பக்கம் திரும்பி, "ம-ம-மழை வரும்னு தோணுது" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மழை வந்து, பெய்து, விட்டே விட்டது.

நம் பழைய ஏற்பாடு நினைவிருக்கட்டும். நேர்வரி ஊருக்கு, உன் வியாழக்கிழமை விருந்து மேசையில் யார் வேண்டுமானாலும் உரக்கப் படிக்கலாம். தாளைப் பக்கவாட்டில் திருப்பி, அதே வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவது உனக்கு மட்டும். தனித் தாளில் எழுதலாம்தான், ஆனால் இரண்டாவது தாளுக்கும் வாங்குகிறவள்தானே தபால் கூலி கொடுக்க வேண்டும், உன் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்.

(குறுக்காக) அந்தக் கெட்டரிங் நேற்று அப்பாவின் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, தானே நிரப்பிக் கொண்டுவந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவுதான். இதற்கு ஒரு குறுக்குவரி எதற்கு என்று கேட்காதே.

உன்
சூசன்னா

*

லண்டன், 13 அக்டோபர்

அடி என் சூசன்னா,

மழை! வந்து, பெய்து, விட்டே விட்டது! நேற்று என் மேசையில் ஸ்னெல் அதைப் படித்தபோது கிழட்டுக் கர்னல் தேநீரைத் தன் சட்டை மேலேயே துப்பிவிட்டார். ஸ்னெலை உனக்குத் தெரியும். ஒல்லியாக, வாசனை பூசிக்கொண்டு, எந்த வீட்டில் விருந்து என்றாலும் அழைப்பில்லாமல் வந்து, அழைப்போடு வந்தவர்களைவிட நன்றாகச் சாப்பிடுகிறவன். "இந்தப் பாத் அம்மணிய இங்க கூட்டிட்டு வாங்க, நாம எல்லாரும் வாயை மூடிக்கலாம்" என்றான். அவன் வாயை மூடுவதாகச் சொன்னதே பெரிய விஷயம்.

ஆனால் நேற்று வந்தவர்கள் ஒன்பது பேர்தான். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் திருமதி டேக்கர் ஓர் இத்தாலியப் பாட்டுக்காரனைப் பிடித்து வைத்திருக்கிறாள். அவனும் வியாழக்கிழமைதான் பாடுகிறான். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், என் வாசலில் இறங்க வேண்டிய வண்டிகள் அங்கே போய் நிற்கின்றன. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கிளப்பில். உன் கடிதங்கள் இல்லையென்றால் என் மேசையில் ரொட்டியும் வெண்ணெயும்தான் மிச்சம்.

ஆகையால் இன்னும் கொஞ்சம் கெட்டரிங்கை அனுப்பு. நிறைய அனுப்பு. குறுக்குவரியைத் தனியாகப் படித்தேன். கோப்பை நிரப்பினாரா? அடி, உன் கன்னம் சிவந்தது இங்கே வரை தெரிகிறது.

என்றும் உன்
ஹொனோரியா

*

பாத், 23 அக்டோபர்

அன்புள்ள ஹொனோரியா,

செவ்வாய்க்கிழமை நடனத்தில் சீமாட்டி கிரோம்ப் மூன்று பேரைப் 'பாவம்' ஆக்கினாள். நான் இரண்டு ஆட்டம் ஆடினேன். ஒன்று ஒரு பல் வைத்தியரோடு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேசும்போது வாயைத்தான் பார்த்தார். உன் மேசைக்கு இந்த வாரம் இதுதான். மீதித் தாள் எனக்கு வேறு விஷயத்துக்கு வேண்டும்.

(குறுக்காக) ஹொனோரியா, உயிர் போனாலும் இதை வெளியே சொல்லாதே. படித்ததும் எரித்துவிடு. சொல்லாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும், அதனால் சொல்கிறேன்.

கெட்டரிங் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். சனிக்கிழமை, பூங்காவில், கல் பெஞ்சில். கேட்பதற்கு முன்னால், "ஒ-ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பதில் சொல்லுங்க" என்றார். வேறு யாராவது என்றால் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பார்கள். இவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையில் ஊசியும் நூலும் இருந்திருந்தால் ஒரு காலுறை பின்னி முடித்திருப்பேன். 'மனைவி' என்ற சொல்லில் மட்டும் நின்றார் பார், குதிரை வேலி தாண்ட மறுத்து நிற்குமே, அப்படி. மூன்று தடவை ஓடி வந்து மூன்று தடவையும் நின்றுவிட்டார். நானே பின்னாலிருந்து தள்ளிவிடலாமா என்று பார்த்தேன்.

விஷயம் இதுதான். மனைவிக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த சங்கீத வாத்தியாரோடு லிஸ்பனுக்கு ஓடிவிட்டாள். ஆறு மாதத்தில் அவன் அவளைக் கைவிட்டான். இவர் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபோது அவள் சாகக் கிடந்தாள். கூட இருந்து, அடக்கம் செய்து, கறுப்புக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, 'காய்ச்சல்' என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். மகள் தலைகுனியக் கூடாது என்பதற்காக. அந்தப் பெண்ணுக்கே இன்னும் தெரியாது. மாலோ குடும்பத்துக்குத் தெரிந்தால் கல்யாணம் அன்றே நின்றுவிடும். அவர்களுக்கு வம்ச கௌரவம் அவ்வளவு முக்கியம். ஏழு வருடத்தில் அவர் வாய் திறந்து சொன்னது என்னிடம் மட்டும்தான்.

சரி என்று சொல்லிவிட்டேன். காதலா என்று கேட்காதே. இருபத்தொன்பது வயதில் கதவைத் தட்டுகிறவர் யார் என்று எட்டிப் பார்த்துத் திறப்பதில்லை, திறந்த பிறகுதான் பார்ப்பது. வாழ்நாள் முழுக்க அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஆனால் எதிர்த்துப் பேச அவருக்கு நேரமே இருக்காது, அதுவும் ஒரு லாபம்தான்.

எழுத எழுத உன் சிரிப்பு கேட்கிறது. எரித்துவிடு.

சூசன்னா

*

லண்டன், 27 அக்டோபர்

என் செல்ல சூசன்னா,

வாழ்த்து, ஆயிரம் வாழ்த்து. அவசரமாக எழுதுகிறேன். இத்துடன் வரும் வெள்ளைக் கையுறை உனக்கு, கல்யாணத்துக்கு. பிரெஞ்சுத் தோல். நீ வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

நேற்று என் மேசைக்குக் கூட்டம் தாங்கவில்லை, முப்பது பேர் இருக்கும். நாற்காலி போதாமல் மாடியிலிருந்து இறக்கினோம். எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. வேறொன்றும் விசேஷம் இல்லை. நீ எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, சந்தோஷமாக இரு. அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

உன் ஹொனோரியா

*

பாத், 6 நவம்பர்

ஹொனோரியா,

போன செவ்வாய்க்கிழமை லண்டன் பத்திரிகை இங்கே வந்தது. நீயும் பார்த்திருப்பாய். பார்த்திராவிட்டால் இதோ, ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்; எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"பாத் நகரின் ஊற்றருகே ஏழாண்டுகளாகக் கறுப்புக் கோட்டில் உலவும் திரு. கெ— தம் மனைவியைக் கொண்டுபோன லிஸ்பன் காய்ச்சலுக்காக இன்னும் துக்கம் காக்கிறார். அந்தக் காய்ச்சல் நன்றாகப் பாடும் என்றும், வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து சங்கீதம் சொல்லிக்கொடுத்தது என்றும் இங்கே பேச்சு. இந்தக் கனவான் 'மனைவி' என்ற சொல்லை மூன்று முறை ஓடி வந்தும் தாண்ட முடியாமல் நிற்பதற்குக் காரணம் இப்போது விளங்குகிறது. நிலக்கிழார் மா— குடும்பம் பெண்ணெடுக்கும் முன் ஒரு வைத்தியரைக் கலந்தாலோசிப்பது நலம்."

மூன்று முறை ஓடி வந்தும். அது என் வரி, ஹொனோரியா.

ஊற்று மண்டபத்தில் எல்லோர் கையிலும் அந்தப் பத்திரிகை. சீமாட்டி கிரோம்ப் என்னைப் பார்த்ததும், "பாவம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கே தேவைப்படவில்லை. மறுநாள் மாலோ வீட்டிலிருந்து நான்கு வரியில் ஒரு கடிதம். லெட்டிஷியாவின் கல்யாணம் நின்றுவிட்டது. நான் கெட்டரிங் வீட்டுக்கு நான்கு தடவை போனேன். "ஐயா வீட்ல இல்லைங்க அம்மணி" என்றான் வேலைக்காரன். உள்ளே மாடிப்படியில் அவருடைய காலடி எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் சொன்னான்.

நான்காவது தடவை லெட்டிஷியா வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. "எங்க அம்மாவப் பத்தி எனக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அத நான் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டாள். "அப்பா ஒங்ககிட்ட மட்டும்தான் சொன்னாராம். ஒரே ஒரு ஆள்கிட்ட" என்றாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சாத்தினாள்.

எப்படி வெளியே போயிற்று? என் கடிதத்தை உன் வேலைக்காரி திருடினாளா? எரித்தாயா இல்லையா? நீ இதைச் செய்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், போன கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டியது: நான் அவரை நேசிக்கிறேன். விளையாட்டுக்கு இல்லை. அவர் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாள் போக மாட்டேன் என்கிறது.

உடனே பதில் எழுது.

சூசன்னா

*

லண்டன், 9 நவம்பர்

என் பாவப்பட்ட சூசன்னா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஆட்கள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். அன்று எனக்குத் தாங்க முடியாத தலைவலி. ஸ்னெல், "நான் படிக்கிறேன், நீங்க கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க" என்று தாளை வாங்கிக்கொண்டான். பல் வைத்தியரைப் படித்தான். நான் கண்ணை மூடியிருந்தேன். அந்த முட்டாள் தாளைத் திருப்பிக் குறுக்குவரியையும் படிக்க ஆரம்பித்துவிட்டான்! நான் விழித்துப் பாய்ந்து பிடுங்குவதற்குள் பாதி போய்விட்டது. எல்லோரிடமும் வாக்கு வாங்கினேன், வெளியே சொல்ல மாட்டோம் என்று. முப்பது பேரில் யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். யார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

உன்னிடம் மறைத்தது உன்னைக் கலங்க வைக்க வேண்டாம் என்றுதான். ஸ்னெலை இனி என் வாசல்படி ஏற விடமாட்டேன். கெட்டரிங் நல்ல மனிதர் என்றால் புரிந்துகொள்வார். புரிந்துகொள்ளாவிட்டால் அவர் உனக்கு ஏற்றவர் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும். பத்திரிகைக்காரர்கள் அடுத்த வாரம் வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார்கள், ஊரும் மறந்துவிடும்.

மனம் தளராதே.

உன் ஹொனோரியா

*

பாத், 18 நவம்பர்

திருமதி விக்ஸ்டெட் அவர்களுக்கு,

நேற்று லண்டனிலிருந்து திருமதி பாட்டன் இங்கே வந்தார். கணவருக்கு மூட்டுவலி, எங்கள் அப்பாவுக்கு அடுத்த நாற்காலி. உங்கள் வியாழக்கிழமை மேசைக்குப் போகிறவராம். கடிதம் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. பாத்திலிருந்து ஓர் அம்மணி என்று மட்டும்தான் தெரியுமாம். நல்ல மனுஷி, எதையும் ஒளிக்கத் தெரியாதவர். என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துச் சொன்னார்.

"விக்ஸ்டெட் அம்மா நடிச்சாங்க பாருங்க, வயிறு வலிச்சுப்போச்சு! ஸ்னெல் படிக்க வந்தான், 'நீ உக்காருப்பா, இத நான்தான் படிக்கணும்'னு தாள அவன் கையிலேருந்து புடுங்கிக்கிட்டாங்க. கறுப்புச் சால்வைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, நடு ஹால்ல நின்னு, 'ம-ம-ம-' அப்படின்னு மூணு தடவ ஓடி வந்து ஓடி வந்து நின்னாங்க. ஒரு தடவ போதலன்னு எல்லாரும் திரும்பச் செய்யச் சொன்னாங்க. திரும்பவும் செஞ்சாங்க."

தலைவலி உங்களுக்கு நன்றாகக் குணமாகியிருக்கிறது போலும்.

ஹொனோரியா, எப்படிச் செய்தாய்? மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு நாம் இந்தக் குறுக்குவரி ஏற்பாட்டைச் செய்தோம். நான் என் அம்மா செத்தபோது அழுததை அதில்தான் எழுதினேன். நீ உன் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியதெல்லாம் அதில்தான். நான் ஒன்றையாவது யாருக்காவது காட்டியிருக்கிறேனா? பொய் வேறு சொன்னாய். அந்த ஸ்னெல் மேல் பழியைப் போட்டாய். உன்னைப் போல் என்னை ஏமாற்றியவர்கள் யாரும் இல்லை, ஏனென்றால் உன்னைப் போல் நான் நம்பியவர்கள் யாரும் இல்லை.

இங்கே எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்கிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். "ஏம்மா, நாம என்ன பண்ணோம்?" என்று கேட்கிறார் அப்பா. கெட்டரிங்குக்கு நான் எழுதிய கடிதத்தை அவர் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். நான் பத்திரிகைக்குக் கதை விற்றவள் என்று அவரும் நினைக்கிறார், ஊரும் நினைக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவருக்கு நீ உன் கையால் எழுது. உன் கடிதத்தைப் பிரிப்பார். நான் ஒரே ஒரு தோழியிடம், வெளியே சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னேன், ஊர்சுற்றவிட்டது நீ. அதை எழுதிக் கையெழுத்துப் போடு. அவர் என்னை மன்னிக்க ஒரு வழியாவது இருக்கட்டும்.

சூசன்னா பிரையர்

*

லண்டன், 24 நவம்பர்

சூசன்னா,

சரி. நான்தான். தலைவலி இல்லை. சால்வை என்னுடையது. பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தது ஸ்னெல், அது மெய். அவன் எழுதும்போது மைக்கூட்டை நகர்த்திக் கொடுத்தது நான், அதுவும் மெய். இப்போது உனக்கு எல்லாம் தெரியும்.

ஏன் என்று கேட்டாய். அதற்கு முந்தின வாரம் என் மேசைக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் எதிர்வீட்டுப் பாட்டு ஆரம்பிக்கும் நேரம் ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறாம் தேதி உன் தாள் என் கையில் இருந்தது. முதலில் நேர்வரியைத்தான் படிக்க நினைத்தேன். பல் வைத்தியருக்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் கிளப்பிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார், வாசலில் நின்றார், மேலே போகத் திரும்பினார். நான் சால்வையை எடுத்தேன். அவர் நின்றார். சிரித்தார், சூசன்னா. பதினோரு வருடத்தில் நான் சொன்ன ஒன்றுக்குக்கூட அந்த மனிதர் சிரித்ததில்லை. அதனால்தான் திரும்பவும் செய்தேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. நான் உன் கடிதத்தில் ஒரு சொல் சேர்க்கவில்லை. குதிரை நீ எழுதியது. காலுறை நீ எழுதியது. நீ எனக்கு மட்டும் எழுதியதாகச் சொல்கிறாய். ஒருத்திக்கு மட்டும் எழுதினால் இவ்வளவு வேடிக்கையாகவா எழுதுவாள்?

போகட்டும். நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இது வெளியே தெரிந்தால் லண்டனில் இனி ஒருவரும் எனக்குக் கடிதம் எழுத மாட்டார்கள் என்று தெரிந்தும் செய்தேன். நேற்றே திரு. கெட்டரிங்குக்கு மூன்று பக்கம் எழுதி, குற்றம் முழுவதும் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பொய் சொல்கிறவள் என்று பேரெடுத்தவள் சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? ஆகையால் சாட்சியும் வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை நான் எரிக்கவில்லை. அதையே உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறேன். குறுக்குவரியில் முதல் வாக்கியமே, 'உயிர் போனாலும் இதை வெளியே சொல்லாதே.' உன் கையெழுத்தில். அதைவிட வேறு என்ன வேண்டும் உனக்கு?

நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். நம்பினால் நம்பு.

ஹொனோரியா

*

பாத், 1 டிசம்பர்

ஹொனோரியா,

உன் கடிதத்தை நான் பிரித்தது புதன்கிழமை காலை பத்து மணிக்கு. கடைசிப் பத்தியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணிக்கு அவரே வந்தார்.

அப்பாவை நலம் விசாரித்தார். அப்பா சந்தோஷத்தில் தன் காலைப் பற்றி நிறைய பேசினார், அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அப்பா கண்ணயர்ந்தார். அவர் என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்து மடித்துப் பிரித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "குறுக்குவரி எனக்குப் பழக்கமில்ல. படிச்சு முடிக்க ரெண்டு நாள் ஆச்சு" என்றார். எங்கெங்கே திக்கினார் என்று உனக்கு எழுத மாட்டேன்.

"உங்க தோழி எழுதினது நெசம்தான். வெளிய சொல்லாதன்னுதான் நீங்க எழுதியிருக்கீங்க. நீங்க பத்திரிகைக்குக் குடுத்ததா நான் நினைச்சது தப்பு. இன்னிக்குக் காலையில ஊத்து மண்டபத்துல நாலு பேர் முன்னால சொல்லிட்டுத்தான் வரேன். இனிமே உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

சொன்னதைச் செய்திருக்கிறார். அன்று மாலையே சீமாட்டி கிரோம்ப் அழைப்புச் சீட்டு அனுப்பினாள். நேற்று மூன்று வீட்டிலிருந்து வந்துவிட்டது. என் நல்ல பேர் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது, உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான் அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். நான் அப்படி நினைத்ததில்லை, உன்னைச் சிரிக்க வைப்பதற்காக எழுதியது, நம் இருவருக்கும் அது சின்ன வயதிலிருந்தே வழக்கம், நான் அவரைக் காதலிக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார். எனக்கும் நேரம் ஆயிற்று.

பிறகு சொன்னார். "பேப்பர்க்காரன் என்னப் பாத்ததில்ல. அவன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். உங்க தோழியும் என்னப் பாத்ததில்ல. நீங்க பாத்தீங்க. அந்தப் பெஞ்சுல நான் சொல்லிக்கிட்டிருந்தப்ப உங்க கண்ணுல தண்ணி வந்துச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டீங்க. நான் தப்பா பாத்துட்டேனா?"

"இல்லை" என்றேன். "அழுதேன். நிஜமா அழுதேன்."

அவர் அந்தத் தாளைப் பார்த்தார். "இதுல எல்லாம் இருக்கு. காலுறை இருக்கு, குதிரை இருக்கு. நான் நின்னது இருக்கு. ரெண்டு நாளா அதத்தான் தேடினேன், நேர்ல ஒரு தடவ, குறுக்க ஒரு தடவ. நீங்க அழுதது எங்கயும் இல்லையே. அத ஏன் எழுதல?"

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, அப்பா எழுந்துவிடாமல் மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நாளை அவரும் லெட்டிஷியாவும் ஊரைவிட்டுப் போகிறார்கள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

பதில் எனக்குத் தெரியும், ஹொனோரியா. அதை எழுதியிருந்தால் நீ சிரித்திருக்க மாட்டாய்.

சூசன்னா